ஜனவரியில் பிறக்கும் பிள்ளைகள்

ஜோஸ்பின் அந்த ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் வருவாள். செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு டிரஸ்ட் நடத்துகிற பிரசவ ஆஸ்பத்திரி. அதன் தரைத்தளத்தில் ரத்தம் பரிசோதிக்கிற லேப். அங்கே ஓடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டுமே தெரிந்த காலத்தில் எழுதப்பட்டது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்கும் வேறு ஊருக்கும் போய்விட, கடைசியில் மிஞ்சியவள் ஜோஸ்பின். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரைக்கும் செம்பூர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அம்மா போன பிறகு அவள் அதைப் போடுவதே இல்லை. வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் என்று ஒன்று கேட்டால் அது கீழ்வீட்டிலிருந்து வருவதாக இருக்கும்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பிரிண்டர் தாளை இழுக்க மாட்டேனென்கிறது என்று மேஜைக்கடியில் குனிந்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஃபர்ஸானா, புதிதாக வந்த மருந்து பாட்டில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஃபர்ஸானா லேப் டெக்னீசியன். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். ஜோஸ்பின் நிமிர்ந்தபோது ஃபர்ஸானாவின் இடது கையில் பாட்டிலும், திரையில் அவள் அடித்த தேதியும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன.

"ஃபர்ஸானா, பாட்டில்ல அடுத்த வருஷம் ஏப்ரல்னு இருக்கு. நீ டிசம்பர் முப்பத்தொண்ணுன்னு அடிக்கிற?"

"இருபத்தாறுன்னு போட்டா வாங்க மாட்டேங்குக்கா. கெட்டுப்போன மருந்துங்குது. அதான் எல்லாத்துக்கும் இந்த வருசக் கடைசியப் போட்டுருதோம்."

"எப்ப இருந்து இப்படி?"

"அது ஆச்சு ரொம்ப நாளு. ஒங்கள்ட்ட சொல்லணும்னு நெனப்பேன். நீங்க வந்தா வேற பேச்சுல மறந்து போவுது."

ஜோஸ்பின் மறுபடியும் மேஜைக்கடியில் குனிந்தாள். பிரிண்டரைச் சரிசெய்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து சோற்று டப்பாவைத் திறந்தாள். அந்தப் புரோகிராமில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான். தொண்ணூற்றொன்பதில் உலகம் முழுக்க இந்த இரண்டு இலக்கத்துக்காக ஓடியாடியபோது, இங்கே ஒரு குறுக்குவழி போட்டு வைத்தார்கள். சைபரிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் வந்தால் அது இரண்டாயிரத்துச் சொச்சம். இருபத்தாறும் அதற்கு மேலும் வந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். அன்றைக்கு இருபத்தைந்து வருஷம் என்பது கண்ணுக்கெட்டாத தூரம். இப்போது அது வந்து வாசலில் நிற்கிறது. பாட்டில்களுக்கு மட்டும்தானே, ஒரு மாதிரி சமாளித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அப்போது வார்டிலிருந்து ஒரு நர்ஸ் சின்னஞ்சிறு குழாய்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். பிறந்த குழந்தைகளின் குதிங்காலில் குத்தி எடுத்த ரத்தம். ஜோஸ்பின் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மூலையில் உபரியாக ஒரு கம்ப்யூட்டர் கிடந்தது. அதிலும் அதே புரோகிராம் உண்டு. அதன் தேதியை ஜனவரிக்குத் தள்ளினாள். ஒரு குழந்தையைப் பதிவு செய்து பார்க்கவேண்டும். தாயார் பெயர் இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு அது நகராது. சட்டென்று வேறு பெயர் தோன்றாமல் தன் பெயரையே அடித்தாள். ஜோஸ்பினின் குழந்தை. பெண். பிறந்தது ஜனவரி மூன்று, இருபத்தாறு. ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி இரண்டு. பெரியவர்களுக்கு அது போதும். பிறந்த குழந்தைக்கு அது ரொம்பக் குறைவு. பதினான்குக்குக் கீழே போனாலே ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழவேண்டும்.

திரையின் ஓரத்தில் வயது என்ற இடத்தில் நூறு என்று வந்தது. ரிப்போர்ட் அச்சாகி வெளியே வந்தது. தாளில் வயது இல்லை. பிறந்த தேதி இரண்டு இலக்கத்தில் ஒழுங்காக இருந்தது. நட்சத்திரம் மட்டும் இல்லை. நூறு வயதுக்காரிக்குப் பன்னிரண்டு புள்ளி இரண்டு நல்ல ரத்தம் என்று இயந்திரம் முடிவுகட்டிவிட்டது.

கம்ப்யூட்டரின் வருஷத்தையும் குழந்தையின் வருஷத்தையும் இருபத்தைந்தாக மாற்றி அதே குழந்தையை மறுபடியும் பதிந்தாள். நட்சத்திரம் விழுந்தது.

புரோகிராம் நின்றுபோனால் எல்லோரும் பதறிக்கொண்டு ஓடிவருவார்கள். இது நிற்காது. நல்ல பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டே தப்பாகச் சொல்லும், யாருக்கும் தெரியாது.

ஃபர்ஸானா எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது, ஒங்க பேரு கெடக்கு?"

"சும்மா. டெஸ்டுக்கு."

தாளைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தரம் அந்தப் பெயரை வாசித்தாள். ஜோஸ்பினின் குழந்தை, பெண். அப்படி ஒரு வரியை அவள் இதுவரை எங்கேயும் எழுதிப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிற ஆதர்ஷின் அறை இரண்டாவது மாடியில். மாட்டுங்காவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பையன், முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்டுக்கொண்டான். கெட்டவன் இல்லை, அவனுக்கு ஆயிரம் வேலை.

"மேம், நின்னுபோயிடுமா?"

"நிக்காது. அதுதான் பிரச்சினை."

"மார்ச்ல புது சிஸ்டம் வருது. ரெண்டு மூணு மாசம்தானே. டாக்டர்ஸ்கிட்ட சொல்லி நம்பரைப் பாத்துக்கச் சொல்லலாமே."

"ஆதர்ஷ், ஒரு நாளைக்கு எத்தனை தாள் அவங்க கையில போகுது. நட்சத்திரம் இருக்கிற தாளத்தான் நின்னு பாப்பாங்க. இருபது வருஷமா அப்படிப் பழகியிருக்காங்க. ஒரு நாள் பாத்துக்குவாங்க, ஒரு வாரம் பாத்துக்குவாங்க. ராத்திரி டியூட்டியில புதுசா வர்ற டாக்டருக்கு யார் சொல்றது?"

அவன் பேனாவால் மேஜையைத் தட்டினான். "சரி, பண்ணுங்க. லேப் மட்டும் நிக்கக்கூடாது. சண்டேல வந்து பாருங்க."

வேலையில் இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. விவரம் பதிகிற பகுதிக்கு சோர்ஸ், அதாவது ஆள் எழுதிய மூல வடிவம், அவளிடம் இருந்தது, அதைத் திருத்தலாம். ரிப்போர்ட் அடிக்கிற பகுதிக்கு அது இல்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற வடிவில், திறந்து பார்க்கமுடியாத பெட்டி மாதிரிக் கிடந்தது. அதை எழுதியவன் ஜோன்ஸ்.

தொண்ணூற்றொன்பதில் இரண்டு பேரும் சயானில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அந்த வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி, கிளினிக், மருந்துக் குடோன் என்று இரண்டு பேரும் சேர்ந்தே ரயிலில் அலைந்தார்கள். இருவரும் தூத்துக்குடிப் பக்கம், ஒரே வேதம், ஒரே வேலை. ஆபீஸில் எல்லோரும் முடிவாகவே பேசிக்கொண்டார்கள். அவன் கேட்பான் என்று ஜோஸ்பின் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. புது வருஷம் பிறந்து, எந்த இயந்திரமும் நிற்காமல், கம்பெனிக்கு வேலையும் இல்லாமல் போன பிறகு அவன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். கல்யாணத்துக்குப் போய் ஒரு டின்னர் செட் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு மெசேஜ், ஈஸ்டருக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவன் குடியிருக்கிற கல்யாண் என்ற ஊருக்குப் போனாள். ஜோன்ஸ் இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். தலை முழுக்க வழுக்கை, வயிறு முன்னால் வந்திருந்தது. அவன் மனைவி ஆனி கதவைத் திறந்து, "வாங்கக்கா, எவ்வளவு நாளாச்சு" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இளையவன் வீட்டுக்குள்ளேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். யாரோ குக்கரை இறக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரோ டவல் எங்கே என்று கேட்டார்கள். ஜோஸ்பின் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது வாயில் 'நீங்க' என்று வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ஜோன்ஸ் சிரித்தான். "அதையா இன்னும் ஓட்டுறாங்க? நாம அப்பவே சொன்னோமே, அஞ்சு வருஷத்துல தூக்கிருங்கன்னு."

"ஓட்டுறாங்க. அதுக்கு சோர்ஸ் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

"இருந்துச்சு. ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பி. ரெண்டாயிரத்தஞ்சு வெள்ளத்துல இங்க இடுப்பு வரைக்கும் தண்ணி. கல்யாண ஆல்பமே போச்சு, ஃபிளாப்பி எங்க."

"சரி. ஏன் இருபத்தாறுல வெட்டினீங்க? வேற எல்லா இடத்துலயும் ஐம்பதுலதானே வெட்டினோம்."

அவன் கண்ணை மூடி யோசித்தான். "அந்த டிரஸ்ட் ஆரம்பிச்ச அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, ஞாபகம் இருக்கா? வெள்ளைப் புடவை. மாசாமாசம் அங்கதான் டெஸ்டுக்கு ரத்தம் குடுப்பாங்க. அவங்க இருபத்தாறுல பிறந்தவங்க. அவங்க ரிப்போர்ட் தப்பா வந்துரக் கூடாதுன்னு மேனேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதான்."

அந்த அம்மா இறந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவருக்காகப் போட்ட வரி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. ஜோஸ்பினுக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. அந்த வெள்ளைப் புடவை அம்மா அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒருநாள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்து, "நீங்க புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டவர். ஜோன்ஸுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன், கீழே விழுந்த பந்தை எடுக்கக் குனிந்துவிட்டான்.

"நீ கவலைப்படாத ஜோஸ்பின். அப்பவும் இப்படித்தான் பயந்தோம். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. இதுவும் ஒண்ணும் ஆகாது."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஆனி விடவில்லை. மீன்குழம்பு ஊற்றும்போது, "வீட்ல தனியா இருக்கீங்களாமே, பயமா இல்லையாக்கா?" என்று கேட்டாள். "பழகிப்போச்சு" என்றாள் ஜோஸ்பின். திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோர இடம் கிடைத்தது. குர்லா வரும்வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள் என்று சொல்வதைவிட, எதையும் பார்க்காமல் வந்தாள் என்பதுதான் சரி.

பெட்டியைத் திறக்கமுடியாது என்றால் வேறு பெட்டிதான் செய்யவேண்டும். ரிப்போர்ட் அடிக்கிற பகுதியை அவளே முதலிலிருந்து எழுதினாள். வருஷத்தை நான்கு இலக்கமாக்கினாள். பழைய பதிவுகளையெல்லாம் மாற்றினாள். அது சும்மா ஒரே வீச்சில் மாற்றுகிற காரியமில்லை. முப்பதில் பிறந்த பாட்டி இரண்டாயிரத்து முப்பதில் பிறந்தவளாகிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் லேபில் ஒரே ஒருத்தர் டியூட்டியில் இருப்பார், மற்ற நாற்காலிகள் காலி. அவள் கொண்டுபோன தெர்மாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத தாய்களுக்கு இல்லாத குழந்தைகளைப் பதிந்து பதிந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் பெயர்களைத் தாய்மார்களாகப் போட்டாள். மஞ்சள்காமாலை கண்ட குழந்தை, எடை குறைந்த குழந்தை, ரத்தம் குறைந்த குழந்தை. ஒவ்வொன்றுக்கும் விழவேண்டிய இடத்தில் நட்சத்திரம் விழுகிறதா என்று பார்த்தாள். முதல் இரண்டு வாரம் விழவில்லை. பிறகு விழவேண்டாத இடத்திலும் விழுந்தது. டிசம்பர் நடுவில்தான் ஒரு வழிக்கு வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் முழுக்கக் கோயிலுக்குப் போகமுடியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் காலைப் பூசைக்குப் போய், கீழ்வீட்டுக்குக் கேக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். கனடாவிலிருந்து தம்பி சாஜன் வீடியோவில் கூப்பிட்டான். "என்னக்கா பண்ற?" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவன் கண் வேறு எங்கோ போவது திரையில் தெரிந்தது. "வேலைதான்" என்று முடித்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் தேதி காலையில் யாரும் கூப்பிடாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஃபர்ஸானா டியூட்டியில் இருந்தாள்.

"ஹேப்பி நியூ இயர்க்கா. லீவு நாளும் அதுவுமா இங்க எதுக்கு வந்திய?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

வருஷத்தின் முதல் குழந்தைகளின் ரத்தம் ஒவ்வொன்றாக வந்தது. தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாம் சரியாக இருந்தது. மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஃபர்ஸானா பேரீச்சம்பழம் கொடுத்தாள், தன் மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். ஜோஸ்பின் சரியாக இருக்கிற தாள்களைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் தேதி ஆதர்ஷ் போன் பண்ணினான். உடனே வரச் சொன்னான். குரலே சரியில்லை.

டிஸ்சார்ஜ் கவுன்டரில், தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போகும்போது ஒரு அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டையை அடிக்கிற கம்ப்யூட்டர், லேபின் பழைய புரோகிராமின் ஒரு பகுதியைத் தனியாக வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பது யாருக்கும் நினைவில்லை. ஜோஸ்பினிடமும் யாரும் சொல்லவில்லை. அட்டையில் மட்டும் வருஷம் முழுசாக அச்சாகும். புது வருஷத்தில் பிறந்து முதலில் வீட்டுக்குப் போன குழந்தைக்கு, பிறந்த தேதி ஜனவரி ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு என்று அட்டை கொடுத்திருந்தார்கள். குழந்தையின் அப்பா அதைப் படம் எடுத்து அனுப்ப, அது வாட்ஸ்அப்பில் மும்பை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மாட்டுங்காவில் நூறு வயதுக் குழந்தை பிறந்திருக்கிறது என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள்.

"மேம், ரெண்டு மாசம் சண்டே சண்டே வந்தீங்க. கடைசில இதுவா?" என்றான் ஆதர்ஷ். "டிரஸ்டி எனக்குப் போன் போட்டுச் சிரிக்கிறார்."

"கவுன்டர்ல அது ஓடுதுன்னு எனக்குத் தெரியாது ஆதர்ஷ்."

"தெரிஞ்சுக்கிறதுதானே மேம் உங்க வேலை."

அதில் தப்பில்லை என்றுதான் ஜோஸ்பினுக்கும் பட்டது. கவுன்டர் கவுன்டராகப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். "சரி பண்ணிடறேன்" என்றாள். படியில் இறங்கும்போது இரண்டு வார்டு பையன்கள் அவளைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அவளைப் பற்றித்தான் என்று சொல்லமுடியாது, ஆனாலும் முகம் சூடாகியது.

அட்டை வேலைக்காக அடுத்த சில நாள் தொடர்ந்து வந்தாள். அப்படி வந்த ஒருநாள் காலையில், லேபில் ஃபர்ஸானாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரிண்டரிலிருந்து அந்தத் தாள் வந்தது. இசக்கிசெல்வி என்பவளின் குழந்தை. பெண். ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் நட்சத்திரம்.

ஃபர்ஸானா தாளைக் கிழித்துப் பார்த்துவிட்டு உடனே வார்டுக்குப் போன் பண்ணினாள். "சிஸ்டர், முப்பத்தாறாம் பெட்டு பேபி. லோவா இருக்கு. டாக்டரம்மாக்கு உடனே காட்டுங்க." போனை வைத்துவிட்டு அடுத்த குழாயை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு நாளைக்கு நாலைந்து தரம் செய்கிற காரியம்.

ஜோஸ்பின் அந்தத் தாளின் நகலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன மாதம் வரைக்கும் இருந்த புரோகிராமாக இருந்தால் இந்தத் தாள் வெறும் தாளாகப் போயிருக்கும். போய், ஒரு கட்டுக்குள் இன்னொரு ஐம்பது தாளோடு கிடந்திருக்கும். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. ஃபர்ஸானா குழாயின் மேல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கவுன்டர் வேல முடிஞ்சுட்டா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் ஜோஸ்பின்.

மறுநாள் மத்தியானம் அவள் மாடிக்குப் போகும் வழியில், குழந்தைகளைத் தீவிரமாகக் கவனிக்கிற அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நைட்டிக்கு மேல் துப்பட்டா, காதில் பஞ்சு. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். ஜோஸ்பின் சேலை கட்டியிருந்த விதத்தைப் பார்த்துத் தமிழ்க்காரி என்று தெரிந்துகொண்டிருப்பாள் போல.

"யக்கா, எம் போன்ல சார்ஜ் இல்ல. ஒங்க போனக் கொஞ்சம் தருவியளா? எங்க வீட்டுக்காரரு தேவ்நார்ல வேலைக்கு நிக்காவ. ஒரு வார்த்த சொல்லணும்."

ஜோஸ்பின் போனைக் கொடுத்தாள். அந்தப் பெண் எண்ணைப் போட்டு, "நாந்தான், இசக்கிசெல்வி. பயப்படாதிய. ரத்தம் ஏத்தியாச்சு. லைட்டுல வச்சிருக்காவ. வேல முடிஞ்சதும் வாங்க" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட யாரும் இல்லை என்றும் அம்மா ஊரிலிருந்து வர அடுத்த வாரம் ஆகும் என்றும் சொன்னாள். ஜோஸ்பின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு என்ன?"

"என் ரத்தமும் அவ ரத்தமும் ஒத்துக்கிடலையாம்க்கா. வயித்துக்குள்ளயே ரத்தம் கொறஞ்சுட்டு. பாக்க நல்லாத்தான் இருந்தா, பாலும் குடிச்சா. ரிப்போர்ட்ல ஏதோ ஸ்டார் வந்துச்சாம். அதப் பாத்துட்டுத்தான் மேல டெஸ்டு எடுத்தாவளாம். இன்னும் ரெண்டு நாளு தெரியாம விட்டிருந்தா மஞ்சக்காமாலை மூளைக்கு ஏறியிருக்கும்னாவ டாக்டரம்மா." கொஞ்ச நேரம் கண்ணாடிக் கதவையே பார்த்தாள். "நல்லவேள, மிசினு கரெக்டாச் சொல்லிட்டு."

"ம்" என்றாள் ஜோஸ்பின். அந்த மிஷினைத் திருத்தியது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த இடத்தில் அதைச் சொன்னால் பெருமை பேசுகிற மாதிரி இருக்கும். சொன்னாலும் இந்தப் பெண்ணுக்கு என்ன புரியும், பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கும்போது.

"நீங்க நர்ஸாக்கா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டர் வேலை."

இசக்கிசெல்வி திரும்பிப் பார்த்தாள். "அந்த நூறு வயசுக் கார்டு அடிச்சது நீங்கதானா? எங்க வீட்டுக்காரரு காட்டினாவ." சிரிக்க ஆரம்பித்தவள் தையல் வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்கிடாதிய."

"இல்ல. நான்தான்" என்றாள் ஜோஸ்பின். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக அந்த விஷயத்துக்கு அவளும் சிரித்தாள்.

உள்ளே போய்ப் பார்க்க நர்ஸ் கூப்பிட்டபோது இசக்கிசெல்வி, "நீங்களும் வாங்களேன்" என்றாள். கண்ணாடித் தொட்டிலில் நீல வெளிச்சத்தில், கண்ணைத் துணியால் கட்டி, ஒரு முழம் கூட இல்லாத பிள்ளை கையை விரித்துக்கொண்டு கிடந்தது. வாய் மட்டும் எதையோ சப்புவது போல அசைந்தது. ஜோஸ்பின் வெகுநேரம் பார்த்தாள். பிறந்த பிள்ளையை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வாரம் தவறாமல் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தும், அவள் கண்டதெல்லாம் எண்கள்தான்.

சாயங்காலம் இசக்கிசெல்வியின் புருஷன் மாரிக்கண்ணன் வந்தான். சட்டையில் கிரீஸ், கையில் பிளாஸ்க். "இந்தக்கா தொணைக்கு இருந்தாவ" என்று இசக்கிசெல்வி சொன்னாள். அவன் கும்பிட்டான். ஜோஸ்பின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிள்ளை தேறிவிட்டது. அடுத்த வாரத்தில் அவர்கள் தாராவியில் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அதற்குள் ஜோஸ்பின் அட்டை அடிக்கிற கம்ப்யூட்டரையும் சரிசெய்திருந்தாள். அவர்கள் போன நேரத்தில் அவள் அங்கே இல்லை. அது வியாழக்கிழமை இல்லை. ஃபர்ஸானாதான் போனில் சொன்னாள்.

அன்று சாயங்காலம் செம்பூர் வீட்டில், அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, ஜோன்ஸுக்குப் போன் பண்ணினாள். அவனைத் தவிர அது புரிகிற ஆள் உலகத்தில் யாரும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் டிவிச் சத்தமும் ஒரு சின்னப் பிள்ளையின் அழுகையும் கேட்டன. மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது போல.

"என்ன ஜோஸ்பின், ஆஸ்பத்திரி என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலல்ல?"

"ஒண்ணும் ஆகல."

"நான்தான் சொன்னேனே. சும்மா பயந்த."

முன்பென்றால் அதோடு விட்டிருப்பாள். "இல்ல ஜோன்ஸ்" என்றாள். "ஒண்ணும் ஆகலைங்கிறது தானா நடந்தது இல்ல. நீ கொஞ்சம் கேளு."

அவள் சொன்னாள். நட்சத்திரத்தைச் சொன்னாள், இசக்கிசெல்வியைச் சொன்னாள், நீல வெளிச்சத்தைச் சொன்னாள். நடுவில் அவன் எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. டிவிச் சத்தம் குறைந்தது.

"பிள்ளை இப்ப நல்லா இருக்கா?" என்று கடைசியில் கேட்டான்.

"இருக்கா. இன்னைக்குத்தான் வீட்டுக்குப் போனாங்க."

"நான் அந்த வரிய எழுதும்போது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "அப்ப தெரியல ஜோஸ்பின்."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

கதவைத் தட்டி ஆனி அவனைக் கூப்பிடுவது கேட்டது. "வரேன்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, "சாப்டியா?" என்று இவளிடம் கேட்டான்.

"இனிமேதான். உல வைக்கணும்."

"சரி, வை. நேரத்துக்குச் சாப்பிடு."

போனை மேஜையில் வைத்தாள். கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்பின் அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்து, தண்ணீர் கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.